மூக்காயி மண்ணைக் கிளறாத கோடை

இந்தக் கதையில் ஓரிடத்தில் நன்றாகச் சிரிக்கலாம். ஆனால் இப்போதே வாயைத் திறந்துவிடாதீர்கள். அந்த இடம் வரும்போது சொல்லப்படும். அதற்கு முன்னால் ஒரு காட்டுப்பன்றியும் ஒரு முயலும் ஒரு பறவையும் வந்தாகவேண்டும். ஒரு தீயும் வரவேண்டும்.

கொன்றைக்காட்டில் மூக்காயி என்றொரு காட்டுப்பன்றி இருந்தாள். பன்றிக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. காட்டுக்குக் கீழே சரிவாக ஒரு புல்வெளி. அதற்கும் கீழே மனிதர்கள் போகும் சாலை. கோடையில் புல் காய்ந்து சருகாகிவிடும். எவனாவது பீடியை அணைக்காமல் வீசிவிட்டுப் போவான். தீ புல்லைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும்.

ஆனால் காட்டுக்குள் அது ஒருநாளும் நுழைந்ததில்லை. காரணம், மூக்காயியின் கூட்டம். பனிக்காலம் முடிந்ததும் பன்றிகள் புல்வெளியின் மேல் விளிம்பில் வரிசையாக நிற்கும். கோரைக்கிழங்கு தேடி மூக்கால் மண்ணைப் புரட்டிக்கொண்டே போகும். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஒரு புல் மிஞ்சாது. வெறும் மண். தீ அதுவரை ஓடிவரும். தின்ன எதுவும் கிடைக்காமல் அங்கேயே படுத்துவிடும்.

இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பாராட்டவும் இல்லை. பன்றி கிளறும், அவ்வளவுதான்.

மூக்காயிக்கு வயதாகிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்தால் மூக்கு விண்விண்ணென்று வலித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மேல்மலை அரசவையிலிருந்து மயில் வந்தது. தோகையை ஒருமுறை விரித்து மடக்கிவிட்டு, தொண்டையைச் செருமியது.

"பேரிடர் முன்னேற்பாட்டு மானியம் வழங்கப்பட உள்ளது. தேர்வாகும் காட்டுக்கு யானைகள் வந்து அகலமான தீத்தடுப்புக் கோடு வெட்டித் தரும். குளம் தோண்டித் தரும். காவல் மேடை கட்டித் தரும். விருப்பமுள்ள காடுகள் விண்ணப்பிக்கலாம்."

மூக்காயிக்குக் கண் கலங்கிவிட்டது. "யானையே வந்து வெட்டுமாமே," என்றாள் மகனிடம். "என் மூக்கு பட்ட பாடு என்னோட போகட்டும்டா."

தேக்கிலையில் ஈரமண்ணை அப்பி, மூக்கை நன்றாக அழுத்திப் பதித்துக் கொடுத்தாள். அதுதான் விண்ணப்பம். மயில் அலகில் கவ்விக்கொண்டு பறந்துபோனது.

இதையெல்லாம் கொன்றை மரத்திலிருந்து கரிச்சான் பார்த்துக்கொண்டிருந்தான். வால் நுனியில் இரண்டு துடுப்பு தொங்குமே, அந்தக் கரிச்சான். கேட்ட குரல் எதுவாக இருந்தாலும் அப்படியே திருப்பிக் கொடுப்பான். கீரியாகச் சீறுவான், குரங்காக உறுமுவான், சாலையில் போகும் ஜீப்பின் ஹாரனைக்கூட அடிப்பான். போன மழைக்காலம் முழுக்க அவன் மேல்மலையில் தங்கியிருந்தான். அங்கே மானியப் பிரிவு அதிகாரி கரடியார். அவர் நாளெல்லாம் பேசுவதைக் கேட்டுக்கேட்டு, அந்தக் குரல் அவன் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

பனி குறைந்தது. பன்றிகள் வழக்கம்போல் புல்வெளி விளிம்புக்கு வந்தன. மூக்காயி குனிந்து மூக்கை மண்ணில் வைத்தாள்.

"யார் அங்கே? மண்ணைத் தொடாதே."

பாறைக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். கனத்த குரல். சாப்பிட்டு முடித்த குரல்.

மூக்காயி துள்ளி நிமிர்ந்தாள். "ஐயா, நான்தாங்க மூக்காயி. மானியத்துக்குப் போட்டிருக்கேனுங்க."

"உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. ஆய்வு முடியும்வரை எல்லாம் இருந்தபடியே இருக்கவேண்டும். நீங்களே கிளறிக்கொண்டால் இங்கே ஆபத்து இல்லை என்று ஆகிவிடும். ஆபத்து இல்லாத காட்டுக்கு மானியம் எதற்கு?"

"அதுவும் நியாயந்தாங்க ஐயா."

மூக்காயியின் மகன் தடியன் பாறைப்பக்கம் எட்டிப் பார்க்கப் போனான். அவள் அவன் விலாவில் ஒரு முட்டு முட்டினாள். "பெரியவங்க பேசுறப்போ எட்டியா பாக்குற, கழுதை."

பன்றிகள் கிளறாமல் திரும்பிப் போயின. பாறைக்குப் பின்னால் கரிச்சான் வாலை ஆட்டிக்கொண்டான். மரத்திலிருந்த குரங்குகளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மானுக்கும் தெரிந்தது. யாரும் மூக்காயியிடம் சொல்லவில்லை. நல்ல வேடிக்கையை யார் கெடுப்பார்கள்?

அடுத்த தடவை குரல் இன்னும் மிடுக்காக வந்தது.

"விண்ணப்பதாரர் வாலைத் தூக்கிக் காட்டவும்."

"எதுக்குங்க ஐயா?"

"அடையாளச் சரிபார்ப்பு."

மூக்காயி பாறைக்கு முதுகைக் காட்டி நின்று வாலைத் தூக்கினாள். கூட்டம் முழுக்கத் தூக்கியது. தடியன் முனகிக்கொண்டே தூக்கினான். குரங்குகள் கிளையைக் கடித்துக்கொண்டு குலுங்கின.

இங்கே சிரிக்காதீர்கள். இது அந்த இடம் இல்லை.

வெயில் ஏறியது. புல் வளர்ந்து, காய்ந்து, மேல் விளிம்பையும் தாண்டிக் காட்டு மரங்களின் காலடிக்கே வந்துவிட்டது. அந்த விளிம்பில்தான் செவ்வந்தி என்ற முயல் புதிதாகக் குட்டி போட்டிருந்தாள். அவள் மூக்காயியைத் தேடி வந்தாள்.

"அக்கா, இந்த வருஷம் கிளறலையா?"

"இல்லடி. யானை வருது."

"எப்ப வருது?"

"பரிசீலனையில இருக்குன்னு ஐயாவே நேர்ல வந்து சொல்லிட்டுப் போறாரு. அரசவைக்காரங்க நம்ம காட்டுப்பக்கம் வந்து நீ பாத்திருக்கியா? நம்ம மேல ஒரு இது இருக்குடி அவங்களுக்கு."

செவ்வந்தி காதை மடக்கிக்கொண்டாள். "எங்க குட்டிங்களுக்கு இன்னும் ஓட வராதுக்கா. எங்க பக்கம் மட்டுமாவது கொஞ்சம் கிளறி விடேன். நீ மூக்கை வச்சா ஒரு காலைப்பொழுது வேலைதானே."

மூக்காயியால் அதைத் தட்ட முடியவில்லை. விடிந்ததும் தனியாகக் கிளம்பிப் போனாள். முயல் வளைக்கு எதிரே நின்று, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மூக்கைத் தாழ்த்தினாள். மண் வாசனை வந்தது. கிழங்கு வாசனையும் வந்தது. நாக்கில் எச்சில் ஊறியது. ஒரு பிடி மண்ணைப் புரட்டிவிட்டாள்.

"மூக்காயி."

அவள் மூக்கை வெடுக்கென்று எடுத்தாள்.

"கோப்பு மேலே நகர்ந்துகொண்டிருக்கும் நேரம். நீ ஒருத்தி செய்யும் தவறால் மொத்தக் காட்டுக்கும் மானியம் போய்விடும். பரவாயில்லையா?"

"ஐயோ, இல்லைங்க ஐயா. சும்மா மோந்து பாத்தேனுங்க."

அவள் புரட்டிய ஒரு பிடி மண்ணைக் காலாலேயே தள்ளி மூடினாள். அதன்மேல் காய்ந்த புல்லையும் இழுத்துப் போட்டாள். வீடு திரும்பும் வழியில் செவ்வந்தி எதிரே வந்தாள். மூக்காயி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பொறுடி, இன்னும் கொஞ்ச நாள்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

காற்று பலமாக அடித்த ஒரு மத்தியானம், சாலையோரத்தில் புகை எழுந்தது.

முதலில் ஒரு நூல். பிறகு ஒரு திரை. தீ புல்வெளியில் படபடவென்று ஏறியது. மூக்காயி விளிம்புக்கு ஓடிவந்தாள். கூட்டமும் ஓடிவந்தது. கிளறியிருந்தால் வெறும் மண்ணாக இருந்திருக்கும் இடத்தில் புல் அவள் தோளுயரம் நின்றது.

அவள் பாறையைப் பார்த்துக் கத்தினாள். "ஐயா, தீ வருதுங்க. இப்ப தொடலாங்களா?"

பாறை பேசவில்லை. புகையைப் பார்த்ததுமே கரிச்சான் பறந்துபோயிருந்தான்.

"ஐயா, ஒரு வார்த்தை சொல்லுங்க. தொடலாங்களா?"

"அம்மா, அங்க யாரும் இல்லம்மா," என்றான் தடியன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாம் நடந்தது. "அக்கா!" என்று செவ்வந்தியின் குரல் கேட்ட பிறகே மூக்காயி மண்ணில் பாய்ந்தாள். பைத்தியம் பிடித்தவள்போலக் கிளறினாள். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. அவள் ஒரு குழி புரட்டி முடிப்பதற்குள் தீ அவள் தலைக்கு மேலே கொன்றை மரத்துக்குத் தாவிவிட்டது. தடியன் அவளை முட்டித் தள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்து ஓடையில் போட்டான்.

ஓடத் தெரிந்தவை பிழைத்தன. செவ்வந்தியின் குட்டிகளுக்கு ஓடத் தெரியாது.

சாம்பல் சூடு ஆறியதும் மூக்காயி திரும்பி வந்தாள். வளை இருந்த இடத்தில் செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள். மூக்காயி பக்கத்தில் போய் நின்றாள். செவ்வந்தி திட்டவில்லை. அழவும் இல்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். குரங்குகளும் திரும்பி வந்து கரிக்கட்டைகளின்மேல் குந்தியிருந்தன. இப்போது அவற்றுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கரிந்த கிளையில் கரிச்சானும் இருந்தான். தீ அணைந்ததிலிருந்து அவன் எந்தக் குரலிலும் பேசவில்லை.

அப்போதுதான் மேல்மலைப் பாதையில் கரடியார் இறங்கி வந்தார். நிஜக் கரடியார். பின்னால் ஒரு குரங்கு அவருக்குத் தேக்கிலைக் குடை பிடித்து வந்தது. கரடியார் கையில் மண் காய்ந்து உதிர்ந்த ஓர் இலை. அதில் ஒரு மூக்குத் தடம்.

"கொன்றைக்காடு இதுதானா? ஆய்வுக்கு வந்திருக்கிறோம்," என்றார். சுற்றிலும் பார்த்தார். "காட்டைக் காணோமே."

மூக்காயி தள்ளாடிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஐயா, நீங்க சொன்ன மாதிரியே மண்ணைத் தொடலைங்க. ஒரு புல்லக்கூடத் தொடலைங்க."

"நான் சொன்னேனா? நான் இந்தப்பக்கம் வருவதே இதுதான் முதல் தடவை." கரடியார் யோசித்தார். "ஆனால் நல்ல காரியம் செய்தாய். நீங்களே கிளறியிருந்தால் ஆபத்து இல்லை என்று தள்ளுபடி செய்திருப்போம். இப்போது காடும் இல்லை. காடு இல்லாத இடத்துக்கு எதை வைத்து முன்னேற்பாடு? அது கொஞ்சம் சிக்கல்தான். இருக்கட்டும், முறைப்படி தொடங்குவோம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"விண்ணப்பதாரர் வாலைத்..."

"...தூக்கிக் காட்டவும்."

மீதியைச் சொன்னது கரடியார் இல்லை. அவர் வாய் இன்னும் பாதி திறந்தபடியே இருந்தது. குரல் மட்டும் அவருடையது. அது கரிந்த கிளையிலிருந்து வந்தது. பழக்கத்தில், தன்னை அறியாமல், கரிச்சான் சொல்லிவிட்டிருந்தான். சொன்ன பிறகு அலகை இறுக்கி மூடிக்கொண்டான்.

கரடியாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "யாரப்பா அது? வார்த்தை மாறாமல் சொல்கிறாயே. நம் அலுவலகத்து ஆளா?"

சிரிக்கவேண்டிய இடம் இதுதான். முடிந்தவர்கள் சிரிக்கலாம்.

மூக்காயி கிளையைப் பார்த்தாள். கரடியாரைப் பார்த்தாள். மறுபடியும் கிளையைப் பார்த்தாள். பிறகு, சாம்பலில் உட்கார்ந்திருந்த செவ்வந்தியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

யாரோ வந்து காப்பாற்றுவார்கள் என்பதற்காகத் தங்களால் முடிந்த காவலைக் கைவிட்டவர்களுக்கு, வருபவர் நிஜமானாலும் போலியானாலும் மிஞ்சுவது சாம்பல்தான்.