மூன்று இடத்தில் வைத்த ரெஜினா

திண்டுக்கல்லில் கேமராவை வைத்துப் பிழைக்கிற எல்லாருக்கும் ஹசீனாதான் டீச்சர். வயதில் பாதிப் பேருக்கு மகள் மாதிரி இருப்பார். ஃபிலிம் போய் கம்ப்யூட்டர் வந்தபோது, மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் விழித்தவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர். செத்துப்போன ஹார்டு டிஸ்கிலிருந்து படங்களை மீட்டுத் தருவதும் அவர்தான்.

ஸ்டூடியோ சவரிமுத்து அவருடைய முதல் மாணவர். ஐம்பத்தெட்டு வயது. பிடிவாதத்துக்குக் குறைச்சல் இல்லை.

"மூணு டிஸ்க்குலயும் தேடி ஒரு படமாவது வந்துச்சா டீச்சர்?"

டீச்சர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். சவரிமுத்துவின் மகள் ரெஜினா சின்ன வயதில் சர்ச்சில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்று எடுத்த படம். வெள்ளை முக்காடு, நெற்றி, இரண்டு புருவம். அதற்குக் கீழே மொத்தமும் சாம்பல் நிறம்.

"இவ்வளவுதாண்ணே. மிச்ச இடத்துல எல்லாம் நீங்க அப்புறம் எடுத்த கல்யாணப் படங்க ஏறி உக்காந்துக்கிச்சு."

சவரிமுத்து அந்தப் புருவங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற மகள். ஒரே மகள். பிறந்த நாளிலிருந்து காலேஜ் முடித்த நாள்வரை பத்தாயிரம் படம் எடுத்திருப்பார். ஃபிலிம் காலத்துப் படங்களையும் ஸ்கேன் பண்ணி டிஸ்கில் ஏற்றியிருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ரெஜினா வேறு சாதிப் பையன் கதிரேசனைக் கட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கே சவரிமுத்து ஆல்பம், நெகட்டிவ் எல்லாவற்றையும் வாசலில் போட்டுக் கொளுத்தினார். அதன்பிறகு பேச்சுவார்த்தை கிடையாது. போன வாரம்தான் அவள் முதல்தடவையாக அம்மா பிலோமினாவுக்குப் போன் பண்ணினாள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. என் சின்ன வயசுப் படம் ஒன்று வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அன்றிலிருந்து பிலோமினா வீட்டைக் கழுவிக் கழுவி விடுகிறாள்.

"அந்தப் புள்ள வந்து நின்னா நான் என்னத்த காட்டுவேன்? உன்னைய அழிச்சுட்டேன்னா சொல்ல முடியும்? சொன்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டா."

டீச்சர் டிஸ்கிலிருந்து கேபிளைக் கழற்றினார்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல டீச்சர். நீங்க சொன்ன மாதிரியே மூணு எடத்துல வச்சேன். ஸ்டூடியோல ஒண்ணு, வீட்டுல ஒண்ணு, தம்பி வீட்டுல ஒண்ணு. மத்தியானம் ரெண்டு மணி ஆனா அதுவா காப்பி ஆயிரும். நான் அழிச்சது ஸ்டூடியோ டிஸ்க்குலதான். மூணுலயும் எப்படிப் போகும்?"

டீச்சர் மேஜைமேல் கிடந்த பில் புக்கை எடுத்தார். மூன்று தாளுக்கு நடுவே இரண்டு கார்பனைச் சொருகி, பேனாவோடு அவர் பக்கம் தள்ளினார்.

"பொண்ணு பேரை எழுதுங்க."

எழுதினார்.

"இப்ப அது மேல கோடு போட்டு அடிங்க."

"விளையாடாதீங்க டீச்சர்."

"அன்னைக்கு அடிச்சீங்கல்ல, அதே மாதிரி அடிங்க."

அடித்தார். டீச்சர் ஒவ்வொரு தாளாகத் தூக்கிக் காட்டினார். இரண்டாவது தாளிலும் ரெஜினாவின் மேல் கோடு விழுந்திருந்தது. மூன்றாவதிலும் விழுந்திருந்தது, கொஞ்சம் மங்கலாக.

"காப்பி பண்ற செட்டிங்ல, இங்க அழிச்சா அங்கயும் அழின்னு ஒரு டிக் இருக்கும். அதை மட்டும் போட்றாதீங்கன்னு கிளாஸ்ல தலைதலையா அடிச்சுக்கிட்டேன்."

"ஒரு கல்யாணத்துல கண்ணு மூடுன படமே ஐந்நூறு விழுது டீச்சர். இங்க கழிச்சுக் கழிச்சுப் போட்டாலும் மத்த ரெண்டுலயும் குப்பையா சேந்துச்சு. அதான் டிக்கைப் போட்டேன்."

"சரி. பொண்ணு கண்ணை மூடலையே. அவளை ஏன் கழிச்சீங்க?"

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"கோவம் டீச்சர். மத்த ரெண்டுலயும் இருக்குன்னு தெரிஞ்சுதான் அழிச்சேன்."

என்ன கோபம் பாருங்கள்! ஆல்பத்தைக் கொளுத்தும்போது டிஸ்கில் இருக்கிறது என்ற தைரியம். டிஸ்கில் அழிக்கும்போது இன்னும் இரண்டில் இருக்கிறது என்ற தைரியம். இன்ஷூரன்ஸ் எடுத்துவைத்துக்கொண்டு கோபப்பட்டிருக்கிறார் மனுஷன்.

"டிஸ்க்குல அழிச்ச அன்னைக்கு அப்படி என்ன நடந்துச்சு?"

சவரிமுத்து பில் புக்கை மூடி ஓரமாகத் தள்ளினார். டீச்சர் விடுவதாக இல்லை.

"கதிரேசன் ஸ்டூடியோவுக்கு வந்தான். ரெஜினா மாசமா இருந்த நேரம்னு இப்பத்தான் தெரியுது. உள்ள வரல, வாசல்லயே நின்னான். கையில புது ஹார்டு டிஸ்க், பிரிக்காத டப்பா. 'ரெஜினாவோட சின்ன வயசுப் படமெல்லாம் இதுல போட்டுக் குடுங்க மாமா, எவ்வளவு நேரமானாலும் நிக்கிறேன்'னான். மாமான்னு கூப்பிட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுபோச்சு. இங்க அப்படி யாரும் இல்ல, போடா நாயேன்னேன். கடையில நாலு பேர் பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணும் பேசாம போயிட்டான். திரும்பி உக்காந்து அவ படம் அத்தனையையும் அழிச்சேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, விட்டால் போய்விடுமோ என்பதுபோல மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஒருவேளை நாலாவதா எங்கயாவது ஒரு காப்பி இருக்காதா டீச்சர்? பழைய பென் டிரைவ்ல, உங்க கம்ப்யூட்டர்ல, எங்கயாச்சும்?"

டீச்சர் மூன்று டிஸ்கையும் அவருடைய பையில் வைத்து நகர்த்தினார்.

"நாலாவது உங்க கடை வாசலுக்கே வந்துச்சுண்ணே. நீங்கதான் தொரத்தி விட்டுட்டீங்க."