படிக்காமல் கைதட்டினால் நீக்கம்

எங்கள் ஊர் வாசகர் வட்டத்து வாட்ஸ்அப் குழுவில் அட்மின் வைத்ததுதான் சட்டம். அட்மின், ஓய்வுபெற்ற பேராசிரியர் திருமலையப்பன். படிக்காமல் கைதட்டினால் குழுவிலிருந்து நீக்கம் என்பது அவருடைய முதல் சட்டம்.

பரோட்டாக் கடை மாசானம், ஊர் நூலகத்தின் கூரை ஒழுகுவதைப் பற்றி மறுபடி கேட்டார்.

“இங்கே வரலாறு மட்டும்தான். என் வரலாற்றுப் புத்தகத்துக்கு இன்றைக்கே விமர்சனம் போடு, இல்லையென்றால் வெளியே போ!” என்றார் பேராசிரியர்.

மாசானம் நீளமாக ஒரு புகழுரை போட்டார். போட்ட கையோடு பேராசிரியர், “ஒவ்வொரு வரியும் உண்மை!” என்று கைதட்டினார்.

“நன்றிங்கய்யா. அப்போ நடுவுல எழுதியிருக்கிறபடி, நூலகக் கூரைக்காக நாளைக்கு நகராட்சி வாசல்ல நடக்கிற போராட்டத்துக்கு நீங்கதான் தலைமை. படிச்சுட்டுத்தானே கைதட்டினீங்க?”

குழுவே பார்க்க, பேராசிரியர் பதில் போட்டார்.

“படிக்காமலா? எத்தனை மணிக்கு வரணும்?”

“அதுவும் அதுலயே இருக்குதுங்கய்யா.”