ஜமேதார் பேச்சை விட்டது

அந்தக் காலத்தில் நாய்க்கு வாய் அதிகம். குரைப்பைச் சொல்லவில்லை, பேச்சைச் சொல்கிறேன். காக்கை, கழுதை, பூனை எல்லாமே அப்போது பேசிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவை கேட்டால் பதில் சொல்லும், கேட்காவிட்டால் தம் வேலையைப் பார்க்கும். நாய் அப்படியில்லை. யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, யார் பானை அடுப்பிலேயே தீய்ந்தது என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் படுக்கும். ஒரு விஷயம் நாய் காதில் விழுந்தால் ஊர்க் காதில் விழுந்த மாதிரிதான்.

அப்படி ஒரு நாய் வெள்ளைக்காரத் துரைகளின் பட்டாளம் ஒன்றில் இருந்தது. மேற்கு மலையில், ஒரு பக்கம் காடும் மறுபக்கம் கிடுகிடு பள்ளமுமான இடத்தில் அந்தப் பட்டாளம் முகாம் போட்டிருந்தது. சிவப்புச் சட்டை போட்ட சிப்பாய்கள் எல்லாரும் ஆற்காட்டுப் பக்கத்து ஆட்கள். பட்டாளம் போகிற இடமெல்லாம் பெண்டாட்டி பிள்ளைகளும் சட்டி பானையோடு பின்னாலேயே போவது அப்போது வழக்கம். யாரோடு சண்டை, எதற்காகச் சண்டை என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். அது துரைகளுக்குத்தான் தெரியும். காட்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் பதுங்கியிருக்கிறார்கள் என்பது மட்டும்தான் சிப்பாய்களுக்குத் தெரியும்.

அந்த நாய்க்கு ஜமேதார் என்று பெயர் வைத்திருந்தார்கள். பட்டாளத்தில் ஜமேதார் என்றால் சின்ன அதிகாரி. நாய்க்குப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை, அதட்டல் மட்டும் உண்டு. அதனால் பெயர் பொருந்திவிட்டது. எந்தக் கூடாரத்துக்குப் போனாலும் அதற்குச் சோறு கிடைக்கும் என்றாலும், அது வயிறாரச் சாப்பிடுவது சடையன் என்ற சிப்பாயின் மனைவி அஞ்சலையிடம்தான். அஞ்சலை பயந்த சுபாவம். கல்யாணமாகி முதல் முறையாகப் பட்டாளத்தோடு வந்திருந்தாள். சடையன் காவலுக்குப் போய்விட்டால் அவளுக்குக் கையில் வேலை ஓடாது. ஜமேதார் அவனோடு போய்விட்டு வந்து, "நல்லாத்தான் இருக்காரு அக்கா. இப்பத்தான் வெத்தல போட்டாரு," என்று சொன்ன பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

துரைகள் தம் நாட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த வழக்கங்கள் அந்தப் பட்டாளத்தில் ஏராளம். அவற்றில் ஒன்று கடைசி ஊதல். பொழுது சாயும்போது இன்னாசி என்பவர் முகாம் வாசலில் நின்று எக்காளம் ஊதுவார். பட்டாளத்தார் வாயில் அது பிகில். வெளியே போனவர்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர வேண்டும். ஊதல் ஓயும்வரை வாசல் திறந்திருக்கும். ஓய்ந்ததும் முள்படலைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வெளியே அசைகிறவன் யாராக இருந்தாலும் எதிரிதான், சுடலாம் என்பது உத்தரவு.

ஒரு நாள் காலையில் தாவூது அவில்தார் சில சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு, மலையடிவாரத்திலிருந்து அரிசி மூட்டை சுமந்துவரப் புறப்பட்டார். சடையனும் அவர்களில் ஒருவன். ஜமேதாரும் வாலை ஆட்டிக்கொண்டு கிளம்பியது.

"நீ வேணாம்," என்றார் அவில்தார். "உன் வாய் இருக்குதே, அது காட்டுல இருக்கிறவனுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைப்புக் குடுத்துடும்."

"நான் எங்க பேசினேன்?"

"இதோ, இப்பவே பேசுற."

ஜமேதார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டது. சடையன் திரும்பிப் பார்த்து, "அவளப் பாத்துக்கடா. சாயந்தரம் வந்துடுவேன்னு சொல்லு," என்றான். அது ஓடிப்போய் அஞ்சலையிடம் சொன்னது. அதோடு விட்டதா? மத்தியானத்துக்குள் சமையல்காரனிலிருந்து சலவைக்காரி வரை முகாமில் இருந்த எல்லாருக்கும் சடையன் சாயந்தரம் வந்துவிடுவான் என்று தெரிந்துவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் மலையுச்சியிலிருந்து மூடுபனி இறங்கியது. முதலில் காடு மறைந்தது. பிறகு கொடிக்கம்பம் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கூடாரமே தெரியவில்லை. அஞ்சலை அடுப்பைப் பற்றவைத்தாள், உலை வைக்காமலே அணைத்தாள். கூடாரத்துக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

"அந்தப் பள்ளத்து ஓரமாத்தான வரணும்?" என்று ஜமேதாரைக் கேட்டாள்.

"ஆமா அக்கா."

"பாதை எவ்ளோ அகலம்?"

ஜமேதாருக்கு உள்ளதைச் சொல்லித்தான் பழக்கம். "எதிர எதிர ரெண்டு பேர் வந்தா, ஒருத்தரு மலைய ஒட்டிக்கிட்டு நிக்கணும்," என்றது. சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்ததும், சொல்லியிருக்க வேண்டாம் என்று அதற்கே பட்டது. ஆனால் வாயை விட்டு வந்ததை என்ன செய்வது?

கொடிக்கம்பத்தின் அடியில் இறக்கையை ஒடுக்கிக்கொண்டு ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. ஜமேதார் அதனிடம் போய், மேலே பறந்து ஆட்கள் வருகிறார்களா என்று பார்த்துச் சொல்லேன் என்று கெஞ்சியது.

"என் அலகே எனக்குத் தெரியல. நான் எங்க போய்ப் பாக்க?" என்றது காக்கை.

பொழுது சாயத் தொடங்கியது. போனவர்களின் பெண்டாட்டிமார் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை, மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்டது. கேப்டன் துரையும் வந்தார். சிடுமூஞ்சி என்று பெயரெடுத்தவர். அன்று அவர் குரலில் சிடுசிடுப்பு இல்லை. அவருக்கும் பயம்தான். ஆனால் பெரிய பதவியில் இருப்பவர் பயத்தை எங்கே போய்க் காட்டுவார்?

"ஊது," என்றார் இன்னாசியிடம்.

இன்னாசி ஊதினார். முடிகிற இடத்தில் முடிக்காமல் கடைசிச் சுரத்தை அப்படியே பிடித்து இழுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இழுத்தார். யாரும் வரவில்லை. மீண்டும் ஊதினார். குளிரில் வெடித்திருந்த உதடு கிழிந்து ரத்தம் வந்தது. போகப் போக எக்காளத்திலிருந்து சத்தத்தைவிடக் காற்றுதான் அதிகம் வந்தது.

பெண்களுக்குப் பொறுக்கவில்லை. ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எல்லாம் ஒன்றாகக் கலந்து சந்தைக்கடை இரைச்சலாயிற்று. ஜமேதாரும் தன் பங்குக்கு, "அவில்தாரே, இடது பக்கம் பள்ளம், மலைய ஒட்டி வாங்க," என்று தொண்டை கிழியக் கத்தியது. பனியில் வார்த்தைகள் போய்ச் சேரவில்லை. எதிர்மலையில் பட்டுத் திரும்பும்போது உளறலாகத்தான் திரும்பின. ஜமேதார் காதை விடைத்துக்கொண்டு கேட்டது. இன்னாசி இழுத்த அந்த ஒரு நீளச் சுரம் மட்டும் பள்ளத்தைத் தாண்டிப் போய், போனது மாதிரியே திரும்பி வந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து இன்னாசிக்கு மூச்சு முட்டிப்போனது. எக்காளம் நின்றது. துரை கொஞ்சம் தயங்கிவிட்டு, படலைச் சாத்தச் சொல்லக் கையைத் தூக்கினார்.

ஜமேதார் மூக்கை மேலே தூக்கி, எக்காளம் விட்ட இடத்திலிருந்து அந்தச் சுரத்தை எடுத்துக்கொண்டது. அதில் ஒரு வார்த்தையும் இல்லை. வெறும் 'ஊ' தான்.

துரையின் கை பாதியில் நின்றது. "ஊதல் ஓயவில்லை," என்றார். "வாசல் திறந்து இருக்கட்டும்." மனிதன்தான் ஊத வேண்டும் என்று எந்த உத்தரவிலும் இல்லை என்று பிற்பாடு மேலதிகாரிகளிடம் அவர் சாதித்தாராம்.

ஆனால் பெண்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். நாய் பேச்சை விட்டு ஊளையிட்டால் அது எமனைக் கண்டுவிட்டது என்று நம் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. அன்றைக்கும் இருந்தது. "ஐயோ, அது வாயைக் கட்டுங்களேன்," என்று யாரோ ஒருத்தி அழுதாள். தன் கையால் சோறு தின்ற நாய் தன் புருஷனுடைய சாவைக் கூவிச் சொல்கிறது என்றுதான் அஞ்சலைக்குப் பட்டது. காலடியில் அகப்பட்ட கல்லை எடுத்தாள். அடிக்க வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. அந்தச் சத்தம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். எறிந்தாள்.

கல் ஜமேதாரின் தாடையில் பட்டது. ஊளை நின்றது.

எறிந்தது யார் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியவில்லை. அவ்வளவு பனி. நாய்க்கு மட்டும் தெரிந்தது. கல்லில் அஞ்சலை கையின் வாசனை இருந்தது.

முகாமே ஓசையற்றுக் கிடந்தது. வாசல்காரர்கள் துரை இருந்த பக்கம் பார்த்தார்கள். துரை இந்த முறை கையைத் தூக்கவில்லை. இன்னாசி உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வந்த பிறகு பேசினார்.

"யாரும்மா எறிஞ்சது? அது எமனப் பாக்கல. நம்ம ஆளுங்களத்தான் கூப்பிடுது. என் பிகில்ல சத்தம் வரலன்னு அது எடுத்து ஊதுது."

அந்த வார்த்தை அஞ்சலையின் காதில் விழுந்து மனதில் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் விழுந்தடித்து ஓடினாள். தரையைத் தடவித் தடவி நாயைக் கண்டுபிடித்து, முந்தானையால் அதன் வாயைத் துடைத்தாள்.

"கூப்பிடுடா," என்றாள். "கூப்பிடு சாமி. இன்னொரு தரம்."

தாடை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஜமேதார் கூப்பிட்டது. முன்னைவிடக் கரகரப்பாக, முன்னைவிட நீளமாகக் கூப்பிட்டது. அஞ்சலை எழுந்து பெண்கள் பக்கம் திரும்பினாள். "யாரும் பேசாதீங்க. அழாதீங்க. வெளிய இருக்கிறவங்களுக்கு இது மட்டும் கேக்கட்டும்." அவள் குரலை உயர்த்திப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். தாய்மார் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள். துரை, காதில் நன்றாக விழட்டும் என்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வெகு நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு பனிக்குள் ஒரு காலடி கேட்டது. மூட்டையோடு ஒருவன் வந்தான். அவன் சட்டையைப் பிடித்து அவன் பெண்டாட்டி ஓரமாக இழுத்துக்கொண்டாள். அப்போதும் அவள் பேசவில்லை. அடுத்தவன் வந்தான். அதற்கடுத்தவன் வந்தான். ஒவ்வொரு காலடிக்கும் அஞ்சலை ஓரடி முன்னால் போய், முகத்தைப் பார்த்துவிட்டு, ஓரடி பின்னால் வந்தாள். கடைசியாகத் தாவூது அவில்தார் வந்தார். அவருக்குப் பின்னால் யாருமில்லை.

"அவரு?" என்றாள் அஞ்சலை.

அவில்தார் தோளிலிருந்த மூட்டையை இறக்கவேயில்லை. "சத்தத்தைப் பிடிச்சிக்கிட்டுத்தாம்மா வந்தோம். நல்லாத்தான் வந்தோம். நடுவுல அது நின்னுபோச்சு. எந்தப் பக்கம் பள்ளம்னு தெரியல. நின்ன இடத்துலயே உக்காருங்கடான்னு சொன்னேன், உக்காந்தாங்க. சடையன் மட்டும் உக்காரல. 'வாசல சாத்திடுவாங்க அவில்தார், அவ பயந்துக்குவா'ன்னு சொல்லிட்டு நடந்தான். நான் கையப் பிடிக்கிறதுக்குள்ள கல்லு சரியிற சத்தம் கேட்டுச்சு." காலடியில் இருந்த நாயைக் காட்டினார். "மறுபடி இது கூப்பிட்ட பொறவுதான் நாங்க எழுந்தோம்."

பிறகு குனிந்து ஜமேதாரைப் பார்த்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "நல்லாத்தான கூப்பிட்ட? நடுவுல ஏன் நிறுத்தின? யாரு நிறுத்தச் சொன்னது?"

கேட்காமலே சொல்லுகிற நாயிடம் கேள்வியே கேட்டாயிற்று. பதில் அதன் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்தில் முந்தானையில் ரத்தக் கறையோடு அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சொல்லிவிட வேண்டும் என்று நின்றாளா, சொல்லக் கூடாது என்று நின்றாளா, அது அவளுக்கே தெரிந்திருக்காது.

ஜமேதாருக்குத் தன் வாயைப் பற்றி நன்றாகத் தெரியும். இன்றைக்கு எப்படியோ அடக்கிக்கொள்ளலாம். நாளைக்கு மீன் குழம்பைப் பற்றிப் பேச வாய் திறந்தாலும் கூடவே இதுவும் வந்து விழுந்துவிடும். ஒன்றை மட்டும் மறைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பேச அதற்குத் தெரியாது. ஆகவே அது பதில் சொல்லவில்லை. மூக்கைத் தூக்கி இன்னொரு முறை ஊளையிட்டது.

"வாயில அடிபட்டிருக்குது, பாவம்," என்று அவில்தார் அதன் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பனி விலகியதும் கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கித் தேடினார்கள். சடையன் கிடைக்கவில்லை. ஜமேதாரின் தாடை நாளாவட்டத்தில் ஆறிவிட்டது. தாடை ஆறியும் பேச்சு வரவில்லையே என்று எல்லாரும் வருத்தப்பட்டார்கள். வரவில்லை என்பது தவறு. அது பேசவில்லை. அதன் குட்டிகள் குரைக்கவும் ஊளையிடவும் மட்டுமே அதனிடம் கற்றுக்கொண்டன. குட்டிகளின் குட்டிகளுக்கும் அவ்வளவுதான் தெரிந்தது.

அஞ்சலை பட்டாளத்தை விட்டுப் போகவில்லை. தினமும் கடைசி ஊதலின்போது வாசலுக்கு வந்து நாயின் பக்கத்தில் நிற்பாள். இன்னாசி ஊதுவார், நாய் ஊளையிடும், அவள் வாய் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் நிற்பதைப் பார்த்து மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டு நின்றார்கள். சிப்பாய்கள் மாறினார்கள், துரைகள் மாறினார்கள், பட்டாளம் வேறு வேறு ஊர்களுக்குப் போயிற்று. காரணம் தெரிந்தவர்கள் எல்லாரும் போன பிறகும் ஜனங்கள் அப்படியே நின்றார்கள்.

அந்தச் சாயங்காலத்திலிருந்துதான், எந்த ஊரில் மாண்ட சிப்பாய்களுக்காகக் கடைசி ஊதல் ஒலித்தாலும் மனிதர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு மௌனமாக நிற்கிறார்கள், எங்கேயோ ஒரு நாய் தலையைத் தூக்கி ஊளையிடுகிறது. அது அடங்கிய பிறகு பக்கத்தில் போய், யாரைக் கூப்பிட்டாய், அன்றைக்கு ஏன் நடுவில் நிறுத்தினாய் என்று கேட்டுப் பாருங்கள். கையை நக்கும். சொல்லாது.