எருமை கடித்த ஆம்பல் தண்டு

காட்டின் நடுவே இருந்த கிழக்கேரியில் ஒரு முக்குளிப்பான் வாழ்ந்து வந்தது. அதன் பெயர் குமிழி. கோழிக்குஞ்சைவிடச் சற்றே பெரிய பறவை. மிகவும் கூச்ச சுபாவம். யாராவது உரக்கப் பேசினால் போதும், சளக்கென்று தண்ணீருக்குள் போய்விடும். பேச்சு அடங்கிய பிறகுதான் தலை வெளியே வரும். ஆனால் கண்ணில் பட்ட எதையும் அது லேசில் மறக்காது.

போன வருடம் குமிழி கோரைப்புல்லின் நடுவே மிதக்கும் கூடு ஒன்று கட்டியிருந்தது. எருமைகள் அதன்மேல் ஏறிப் புரண்டன. முட்டைகள் சேற்றோடு போயின. யாரிடம் போய் முறையிடுவது? அப்போது ஏரியில் அவரவர் வைத்ததே சட்டம். எருமைகள் நினைத்த இடத்தில் புரளும். பன்றிகள் கிழங்குக்காகக் கோரையை வேரோடு கிளறும். தண்ணீர் செம்மண் குழம்பாகக் கிடந்தது. "என் கால் எனக்கே தெரியவில்லை!" என்று நாரை புலம்பும்.

பொறுக்க முடியாமல் எல்லா விலங்குகளும் பறவைகளும் மருத மரத்தடியில் கூடின. பேசின. சண்டை போட்டன. கோபித்துக்கொண்டு போயின. மறுநாள் திரும்பி வந்து மறுபடி பேசின. கடைசியில் ஒரு சபை அமைந்தது. எருமைகள் தென்மூலைப் பள்ளத்தில் மட்டும் புரள ஒப்புக்கொண்டன. கோரைத் திட்டை யாரும் கிளறக் கூடாது என்று முடிவாயிற்று. மீன்கள் முட்டையிடும் காலத்தில் வடகரைப் பக்கம் வேட்டைக்குப் போவதில்லை என்று நீர்நாய்கள் வாக்குக் கொடுத்தன.

சபைக்குத் தலைவர் கூழைக்கடாப் பறவை. அவ்வளவு பெரிய வாய் வேறு யாருக்கும் இல்லையே!

ஓராண்டு ஓடியது. நல்ல மழை. ஏரி கரை தொட்டு நின்றது. குமிழி பழைய இடத்திலேயே கூடு கட்டி மறுபடி முட்டைகள் இட்டது.

கூழைக்கடா ஒரு விழாவுக்கு ஏற்பாடு செய்தது. மருத மரத்தடியில் எல்லாரும் கூடியதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசத் தொடங்கியது.

"நம் சபையின் வெற்றியைப் பாருங்கள்! இந்த மரத்தடியில் ஒரு புல்லாவது முளைத்திருக்கிறதா? இல்லை! ஏன்? அத்தனை முறை கூடியிருக்கிறோம்! அத்தனை கால்கள் மிதித்திருக்கின்றன! ஏரி நிரம்பிவிட்டது! வாழ்க நம் சபை!"

தவளைகள் ஆரவாரம் செய்தன. அப்போது பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

பக்கத்தில் இருந்த மேற்கேரியின் காட்டுப்பன்றி வந்திருந்தது. தன் ஏரியின் கோரைக்கிழங்கை எல்லாம் தின்று தீர்த்துவிட்டு, கிழக்கேரியின் கோரையைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்த பன்றி அது.

"ஏரியை நிரப்பியது உங்கள் சபையா, மேகமா?" என்று அது கேட்டது. "எங்கள் ஏரியும்தான் நிரம்பி வழிகிறது. நாங்கள் ஒரு நாளாவது மரத்தடியில் உட்கார்ந்திருப்போமா? வெறும் வாய்ப்பேச்சு! பாவம் காரியண்ணன்! இவ்வளவு பெரிய ஏரியில் அவருக்கு ஒரு மூலைப் பள்ளம்!"

காரி என்பது எருமை மந்தையின் தலைவன். அது மெல்லத் தலையை ஆட்டியது.

"பன்றி சொல்வதில் ஞாயம் இருக்கிறது," என்றது காரி. "வெயிலில் அந்தக் குட்டிப் பள்ளத்தில் நாங்கள் முதுகோடு முதுகு உரசிக்கொண்டு கிடக்கிறோம். அதனால் ஏரிக்கு என்ன நன்மை? மரத்தடியில் புல் முளைக்கவில்லை என்பதா? நாளையிலிருந்து என் மந்தை சபையில் இல்லை. பழைய இடத்திலேயே புரளப் போகிறோம்."

பழைய இடம் என்றால் கோரைத் திட்டு! குமிழிக்குத் தண்ணீருக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அங்கே கோரைக்கு நடுவே தன் துணை முட்டைகளின்மேல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"காரியண்ணே!" குரல் கீச்சென்று வந்தது. "ஒரு நாள் பொறுங்கள். அளந்து பார்த்துவிடுவோம்."

"எதை அளப்பாய்? எருமையின் பொறுமையையா?" என்றது பன்றி. சிலர் சிரித்தார்கள்.

"தண்ணீரின் தெளிவை," என்றது குமிழி. "ஏரி நிரம்பியது மழையால்தான். பன்றி சொன்னது சரி. ஆனால் இரண்டு ஏரிக்கும் ஒரே ஆறுதான். பிளந்த பாறையில் இரண்டாகப் பிரிந்து வருகிறது. மழையும் ஒன்று, தண்ணீரும் ஒன்று. இங்கே சபை இருக்கிறது, அங்கே இல்லை. உச்சி வெயிலில் ஒரு வெள்ளை ஆம்பல் பூவைத் தண்டோடு எடுத்துக்கொள்வோம். பூவை நான் கவ்விக்கொண்டு முங்குகிறேன். தண்டின் மறுநுனி மேலே இருக்கட்டும். வெள்ளை எப்போது கண்ணுக்கு மறைகிறதோ, அப்போது தண்ணீர் மட்டம் தொடும் இடத்தில் தண்டைக் கடித்து அடையாளம் வைக்கலாம். இரண்டு ஏரியிலும் அப்படியே செய்வோம்."

"அது எப்படிச் சரியாகும்?" பன்றி விடவில்லை. "உங்கள் ஏரி ஆதியிலிருந்தே தெளிவான ஏரியாக இருந்திருந்தால்?"

போன வருடம் இங்கே தண்ணீர் குழம்பாகக் கிடந்ததைக் குமிழி மறக்கவில்லை. ஆனால் அப்போது மேற்கேரி எப்படி இருந்தது என்று அது பார்த்ததில்லை. வருடாவருடம் பனிமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து அப்போது கழுத்தை நீட்டியது.

"அதை என்னிடம் கேளுங்கள்! நாங்கள் மேலிருந்து பார்த்துவிட்டுத்தானே இறங்குகிறோம்? போன முறை இரண்டு ஏரியும் ஒரே நிறம். எது எது என்று குழம்பி என் அத்தை மேற்கேரியில் இறங்கிவிட்டாள். அவளைத் தேடி நாங்கள் பட்ட பாடு! இந்த முறை அந்தக் குழப்பமே இல்லை."

"யார் சொல்லையும் நான் நம்பத் தயாரில்லை," என்றது காரி. "தண்டின் மறுநுனியை நான் பிடிக்கிறேன். என் கண்ணால் பார்க்கிறேன். பன்றியும் கூட வரட்டும்."

குமிழிக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

உச்சி வெயிலில் காரி கிழக்கேரியில் கழுத்தளவு இறங்கி நின்றது. குமிழி பூவைக் கவ்விக்கொண்டு முங்கியது. கீழே, கீழே, இன்னும் கீழே. வெள்ளை மறைந்ததும் காரி தண்டைச் சுண்டி இழுத்தது. தண்ணீர் தொட்ட இடத்தில் நறுக்கென்று கடித்தது. குமிழி மேலே வந்தது.

"தண்டு எங்கே, அண்ணே?"

காரியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அதன் காதுகள் தொங்கிப் போயின.

"வாயில் வந்ததும்... பழக்கதோஷம்..."

கரை முழுக்கச் சிரிப்பு! பன்றிகூடச் சிரித்துவிட்டது. மறுபடி ஒரு பூ, மறுபடி ஒரு முங்கல். இந்த முறை காரி கடித்ததுமே நாரை பாய்ந்து வந்து தண்டைப் பிடுங்கிக்கொண்டது.

பிறகு எல்லாரும் மேற்கேரிக்குப் போனார்கள். அங்கே குமிழி தலையை உள்ளே விட்டதுதான் தாமதம், வெள்ளை மறைந்துவிட்டது.

"இந்த இடம் சரியில்லை! சேறு!" என்று பன்றி கத்தியது.

"சரி, நீங்களே இடம் காட்டுங்கள்," என்றது குமிழி.

பன்றி காட்டிய இடங்களில் எல்லாம் குமிழி முங்கியது. எங்கே முங்கினாலும் அதே கதைதான்.

பிளந்த பாறையின்மேல் இரண்டு தண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார்கள். கிழக்கேரித் தண்டு நாரையின் கால் அளவு நீண்டு கிடந்தது. மேற்கேரித் தண்டு தவளையின் கால் அளவுகூட இல்லை.

"அடேயப்பா!" என்றது காரி.

"மீனையும் சொல்!" என்று நீர்நாய் துள்ளியது. "நீ இரண்டு ஏரியிலும் முங்கினாயே! நாங்கள் வடகரையை விட்டுக்கொடுத்துப் பட்டினி கிடந்ததற்கு மீன் குஞ்சுகள் பெருகியிருக்குமே? சொல், எல்லாரும் கேட்கட்டும்!"

பாசிக்கு நடுவே மீன் குஞ்சுகளைக் குமிழி இரண்டு ஏரியிலும் பார்த்திருந்தது. அங்கே எவ்வளவோ, இங்கேயும் அவ்வளவுதான்.

கூழைக்கடா அதன் காதருகே குனிந்தது. "பெருகிவிட்டது என்று சொல்லிவிடு, பெண்ணே! பன்றி பார்த்துக்கொண்டிருக்கிறது. உன் முட்டைகளை நினைத்துப் பார்!"

குமிழி முட்டைகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தது. ஒரு பொய்யைச் சேர்த்தால் பாறைமேல் கிடக்கும் தண்டையும் யார் நம்புவார்கள்?

"மீன் பெருகவில்லை," என்றது குமிழி. "இரண்டு ஏரியிலும் ஒரே அளவுதான். அந்த விதியால் பலன் எதுவும் எனக்குத் தெரியவில்லை."

"பட்டினி வீணா?" என்று நீர்நாய் அலறியது.

"பார்த்தீர்களா!" பன்றி குதித்தது. "அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டாள்! காரியண்ணே, கிளம்புங்கள்!"

காரி நகரவில்லை. கோரைத் திட்டை ஒரு முறை பார்த்தது. குமிழியை ஒரு முறை பார்த்தது.

"இந்தப் பெண்ணின் முட்டைகள் அந்தக் கோரையில் இருக்கின்றன," என்று மெல்லச் சொன்னது. "சபை உடைந்தால் முதலில் நசுங்குவது அவைதான். அப்படி இருந்தும் பலிக்காததைப் பலிக்கவில்லை என்று சொல்கிறாள். அப்படியானால் பலித்ததும் உண்மைதான். தண்டைக் கடித்தது என் பல்தானே! என் மந்தை மூலைப் பள்ளத்தில் நெருக்கிக்கொண்டு கிடந்தது வீணாகவில்லை. தண்ணீர் தெளிந்திருக்கிறது! நாங்கள் சபையிலேயே இருக்கிறோம்."

பன்றி உறுமிக்கொண்டே காட்டுக்குள் போய்விட்டது.

நீர்நாய் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. பிறகு தானே சொன்னது: "வடகரையில் மீன் முட்டையிடுவதே குறைவு. ஓடை வாயில்தான் அதிகம். அடுத்த முறை அந்தப் பக்கத்தை விட்டுக்கொடுக்கிறோம். குமிழி, அப்போதும் முங்கிப் பார்த்துச் சொல்வாயா?"

"சொல்கிறேன்," என்றது குமிழி. சபைப் பேச்சு முடியும்வரை அது தண்ணீருக்குள் போகவே இல்லை.

கூழைக்கடாவும் சும்மா இருக்கவில்லை. இனி ஒவ்வொரு வருடமும் மழை விட்டதும் இரண்டு ஏரியிலும் ஆம்பல் தண்டால் அளக்க வேண்டும் என்று அறிவித்தது. தண்டை எருமைகளிடம் கொடுக்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டது!

சில நாளில் குஞ்சுகள் பொரிந்தன. வரி வரியான தலையோடு குமிழியின் முதுகில் ஏறிக்கொண்டு ஏரியைச் சுற்றி வந்தன. ஒரு நாள் மேற்கேரி எருமைகள் தண்ணீர் குடிக்க வந்தன. கரையில் நின்ற காரி கொம்பை உயர்த்திக் கூப்பிட்டது.

"இங்கே வாருங்கள்! அடியில் கூழாங்கல் கிடக்கிறதே, தெரிகிறதா? நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்தது இது! அளந்தும் பார்த்துவிட்டோம். நானே கடித்து அளந்தேன்!"

"அந்தத் தண்டு எங்கே?" என்று மேற்கேரி எருமைகள் கேட்டன.

"முதல் தண்டா?" காரி பெருமையோடு வயிற்றைத் தட்டிக் காட்டுவதுபோல் வாலால் அடித்துக்கொண்டது. "இதோ, இங்கே!"

கோரைக்கு அருகே போய்க்கொண்டிருந்த குமிழி அதைக் கேட்டுச் சிரித்தது. மேற்கேரி எருமைகள் தெளிந்த தண்ணீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு அவற்றில் ஒன்று கேட்டது: "உங்கள் சபையை எப்படித் தொடங்கினீர்கள்? முதலில் யாரைக் கூப்பிட வேண்டும்?"

சேர்ந்து செய்த வேலையில் பலித்ததையும் பலிக்காததையும் ஒளிக்காமல் அளந்து சொல்பவர்களின் பெருமையே நிலைத்து நிற்கும்.