தினைக்கொல்லையில் கோரை

காட்டுக் குளத்தின் மேட்டில் ஒரு கௌதாரி தினை விதைத்து வந்தது. செம்பி என்பது அதன் பெயர். கோடையில் காட்டில் வேறு விதை அகப்படாது. குஞ்சுகளுக்கு அந்தத் தினைதான் சாப்பாடு.

ஒரு வருஷம் கொல்லையில் கோரைப்புல் புகுந்தது. செம்பி தினமும் கொத்தி எறிந்தது. மூன்றாம் நாளே மறுபடி முளைத்து நின்றது. தினை விளையவில்லை. ஆறு குஞ்சுகளில் நான்குதான் அந்தக் கோடையைத் தாண்டின.

அடுத்த விதைப்பு நெருங்கியது. செம்பி விடாமல் கொத்துவதை வேலி ஓணான் பார்த்தது.

“ஏன் இப்படி அலகு தேயக் கொத்துகிறாய்? குளத்துக்குத் தெற்கே உவர் மண் கிடக்கிறது. கொண்டுவந்து கொட்டு. கோரை கருகிவிடும்.”

செம்பி அலகு அலகாகச் சுமந்து பாதிக் கொல்லையில் கொட்டியது. கோரை கருகியது. சந்தோஷத்தோடு கொல்லை முழுக்க விதைத்தது. உவர் போட்ட பாதியில் ஒரு முளைகூட வரவில்லை. மழை பெய்ததும் அங்கே முதலில் தலைகாட்டியது கோரைதான்.

“தினையும் முளைக்கவில்லையே, அண்ணா.”

“கோரை போக வேண்டும் என்றுதானே கேட்டாய்?” என்று ஓணான் தலையாட்டியது.

செம்பிக்கு அழுகை வந்தது. பிறகு ஒரு கோரையின் அடியைக் கிளறிப் பார்த்தது. ஒரு சாண் ஆழத்தில் கறுப்பாக ஒரு கிழங்கு. அதிலிருந்து நூல்போல ஒரு வேர். வேரின் முனையில் இன்னொரு கிழங்கு. இத்தனை நாளும் தான் கொத்தியது வெறும் முடியை என்று அதற்கு அப்போதுதான் புரிந்தது.

கொல்லை முழுக்க அவ்வளவு ஆழம் தோண்ட யாரால் முடியும்? காட்டுப்பன்றி கரியனால் முடியும். செம்பி பயந்துகொண்டே போய்க் கேட்டது.

“கோரைக்கிழங்கு என்றால் எனக்கு உயிர்” என்றது கரியன். “ஆனால் தினை நின்றால் அதையும் தின்றுவிடுவேன். என் வாய் அப்படி. யோசித்துச் சொல்.”

உவர் படாத பாதியில் கொஞ்சம் தினை நின்றது. இன்னும் ஒரு விதைப்புக்குத்தான் விதை இருந்தது. செம்பி வெகுநேரம் யோசித்தது.

“நிற்பது போகட்டும், வா அண்ணா. மறுபடி விதைத்த பிறகு மட்டும் வரக்கூடாது.”

கரியன் ஒப்புக்கொண்டு கூடவே வந்தது.

“பன்றியையா உள்ளே விடுகிறாய்? குடி கெட்டது!” என்று ஓணான் கத்தியது.

கரியன் இரண்டு நாள் உழுது கிழங்குகளைத் தின்றது. உவர் படாத பாதியில் செம்பி விதைத்தது. முளை வந்ததும், நான்கு பிள்ளைகளோடு செடிகளுக்கு நடுவே சருகைக் கனமாகப் பரப்பியது. தப்பிய கிழங்குகள் சருகைத் துளைத்து அங்கங்கே எட்டிப்பார்த்தன. சருகுக்கடியில் மண் ஈரமாக இளகி இருந்தது. தினமும் காலையில் ஐந்தாறாகக் கிழங்கோடு பிடுங்கின. அது சலிப்பான வேலை. ஒருநாளும் விடவில்லை.

கதிர் வந்தபோது கரியன் ஓரத்தில் நின்று மூக்கை நீட்டியது.

“வேண்டாம், அண்ணா.”

அது கொடுத்த வாக்கை நினைத்துத் திரும்பிப் போயிற்று.

பாதி நிலம்தான் விளைந்தது. உவர் போட்ட பாதி தேற இன்னும் இரண்டு மழைக்காலம் ஆகும். இருந்தாலும் அந்தக் கோடையில் ஒரு குஞ்சும் பட்டினி கிடக்கவில்லை.

களையை அழிக்க நிலத்தையே கெடுப்பவன் நிலத்தையும் விளைச்சலையும் இழப்பான். வேரைத் தேடிப் பொறுமையாகப் பிடுங்குகிறவனே விளைச்சலைக் காண்பான்.