ஈயம் பூசாத சட்டி

ரொம்பக் காலத்துக்கு முன்னே கரும்பாறை நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் ஒரு சட்டம் போடுவான், சாயங்காலம் இன்னொன்று. அவனுக்கு ஒரே மகள். நேற்று வைத்த மீன்குழம்பு என்றால் அந்தக் குழந்தைக்கு உயிர். சமையற்காரி பேச்சி மண்சட்டியில் வைத்து, மறுநாள்தான் பரிமாறுவாள்.

பேச்சியை அரண்மனையில் சேர்த்தவர் மந்திரி சோலையப்பர். அவரைக் கண்டாலே பூபதிராயர் என்ற பிரதானிக்கு வயிறு எரியும்.

"அரண்மனையில் மண்சட்டியா? வெளியே சொன்னால் சிரிப்பார்கள் மகாராஜா!" என்றார் ராயர். உடனே பளபளவென்று ஒரு செம்புச் சட்டி வந்தது.

"உள்ளே ஈயம் பூசணும் சாமி," என்றாள் பேச்சி.

"பூசினால் மினுக்கம் போய்விடுமே! பூசக்கூடாது," என்றான் ராஜா.

சில நாளிலேயே குழந்தை வாந்தியெடுத்து வாந்தியெடுத்துச் செத்துப்போனது.

"விஷம்! மந்திரியின் ஆட்கள்!" என்று ராயர் கத்தினார். சாப்பாடு சுமந்துபோன பேச்சியின் புருஷன் மாடன் தலை, விசாரணையே இல்லாமல் கோட்டை வாசலில் ஏறியது. அடுத்தது பேச்சி.

சோலையப்பர் எழுந்தார். "மகாராஜா, ஒரே ஒரு நாள் பொறுங்கள். ராயர் தம் கையால், தம் வீட்டுப் புளியைக் கரைத்து அந்தச் சட்டியில் ஊற்றட்டும். காவலர் கண் எடுக்காமல் பார்க்கட்டும். நாளைக்கு அவரே ஒரு வாய் குடிக்கட்டும்."

"ஒரு வாய் என்ன, ஒரு குடம் குடிக்கிறேன்!" ராயர் மீசையைத் தடவினார்.

மறுநாள் சபையில் மூடியைத் திறந்தார்கள். சட்டியின் விளிம்பைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று களிம்பு.

"குடியும் ராயரே. உம்ம வீட்டுப் புளிதானே?" என்றார் சோலையப்பர்.

ராயர் உதட்டில் வைத்தார். காறித் துப்பினார். "ஐயோ, நாக்கு இழுக்குதே!"

"புளி செம்பைத் தின்னும் மகாராஜா. ஆக்கி இறக்கியதும் தின்றால் தெரியாது. நின்ற குழம்பில் ஊறி ஊறி இறங்கும். நடுவில் ஈயம் இருந்தால் தடுத்திருக்கும்," என்றார் மந்திரி. "இந்தச் சட்டியை இப்படி விஷமாக்கியவனுக்கு என்ன தண்டனை?"

"சிரச்சேதம்!" ராஜாவின் கண் ராயர் பக்கம் திரும்பியது. "சட்டி கொண்டுவந்தவன் நீதானே?"

ராயர் தடாலென்று காலில் விழுந்தார். "சட்டி மட்டும்தான் நான் பிரபு! ஈயம் பூசக்கூடாதென்று சொன்னது... தாங்கள்தானே!"

ராஜா தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"பேச்சி, உன்னை விட்டுவிட்டேன். என்ன வேண்டும், கேள். பாதி நாட்டைக் கேட்டாலும் தருகிறேன்."

"நாட்ட வச்சு நான் என்ன செய்ய? வாசல்ல இருக்கிற எம் புருஷன் தலையை இறக்கிக் குடுங்க சாமி. உடம்போட சேத்துப் புதைக்கணும்."

காவலர்கள் ஓடினார்கள். ராஜா கை காட்டி நிறுத்தினான். கிரீடத்தைக் கழற்றி ஆசனத்தில் வைத்துவிட்டு, ஊரே பார்த்திருக்க, ஏணியில் அவனே ஏறினான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பூபதிராயர். பேச்சி முந்தானையை விரித்துக் காத்திருந்தாள்.