மேற்குக்கரை கூப்பிட்ட நெட்டையன்

காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. மேற்குக்கரை மிருகங்களும் கிழக்குக்கரை மிருகங்களும் அதில்தான் தண்ணீர் குடித்தன. இரண்டு கரைக்கும் வருஷத்துக்கு ஒருமுறை பந்தாட்டம் நடக்கும். காய்ந்த சுரைக்குடுக்கைதான் பந்து. கரைக்கு ஒன்றாக, உள்ளே கூடாகிப்போன இலுப்பை மரங்கள் நின்றன. உயரத்தில் இருந்த பொந்தில் குடுக்கையைப் போட்டால் அது உள்ளுக்குள்ளேயே உருண்டு வேரடியில் வந்து விழும். அதிகம் போட்ட கரைக்கு வெற்றி.

விளையாட்டுதானே என்று நினைத்துவிடாதீர்கள். ஜெயித்த கரை கோடை முழுவதும் விடியற்காலையில் தெளிந்த நீர் குடிக்கும். தோற்ற கரை உச்சிவெயிலுக்குப் பிறகுதான் குளத்தில் இறங்கலாம். அதற்குள் மிஞ்சுவது சேறு. மேற்குக்கரை பல வருஷங்களாகத் தோற்றுச் சேறு குடித்துக்கொண்டிருந்தது. போன கோடையில் அந்தச் சேற்றைக் குடித்துக் கீரியின் குட்டி ஒன்று செத்துப்போயிற்று.

கீரி மேற்குக்கரை அணியில் ஓட்டக்காரி. காட்டுப்பன்றி தலைவர். குறி பார்த்துப் போட ஒரு மந்தி. கீழே விழும் குடுக்கையை எல்லாம் பொறுக்கி எடுக்கக் கரடி. கரடி குடுக்கையைக் கட்டிப்பிடித்தால் அதன் கையிலிருந்து யாராலும் பிடுங்க முடியாது. ஐந்தாவது ஆள் முள்ளம்பன்றி. அதனிடம் குடுக்கை போனால் முள்ளில் குத்திக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். ஆனால் அது தலைவரின் மைத்துனன். எந்த வழியில் மைத்துனன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் முள் சிலிர்க்கும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மழை ஓய்ந்ததும் காட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் குளத்தங்கரைப் பாறையில் ஏறி நிற்பார்கள். போன ஆட்டத்தில் தோற்ற கரைதான் முதலில் கூப்பிடலாம். ஒருவரைக் கூப்பிட்டால் அணியிலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டும். அனுப்பப்பட்டவரை மற்றக் கரை கூப்பிடலாம்; யாரும் கூப்பிடாவிட்டால் அவர் குளத்தை விட்டே போய்விட வேண்டும். தானாக விலகியவர் மட்டும் தன் கரையிலேயே இருக்கலாம்.

அந்த வருஷம் பாறைமேல் ஓர் ஒட்டகச்சிவிங்கி நின்றது. வயது குறைவு. கடலுக்கு அந்தப் பக்கத்துத் தேசத்திலிருந்து அதைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தது ஆலா என்ற கடற்பறவை.

"இவன் எம்ப வேண்டியதே இல்லை. கழுத்தை நீட்டினா பொந்து வந்துடும்" என்றது ஆலா.

பன்றி ஒட்டகச்சிவிங்கியை இலுப்பை மரத்தடியில் நிறுத்திப் பார்த்தது. தலை பொந்துக்கு நேராக நின்றது. மேற்குக்கரை மொத்தமும் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தது.

கரடி மட்டும் ஆலாவிடம் கேட்டது. "அங்கே இவன் ஆடினதைப் பாத்தியா?"

"பாத்தேனே. அத்தனையும் பொந்துக்குள்ளே."

"யாரோட ஆடினான்?"

ஆலா சிறகைக் கோதிக்கொண்டது. "மான்குட்டிங்களோட. குட்டியானா என்ன, கிழமானா என்ன, பொந்து பொந்துதானே?"

அப்போது ஒட்டகச்சிவிங்கியே பேசியது. அதன் குரல் மிகவும் மெல்லியது. "எனக்குக் குனிய வராதுங்க. எங்க ஊர்ல தீனியெல்லாம் மேலேயே இருக்கும். ஒரு மழைக்காலம் பொறுத்தீங்கன்னா பழகிக்குவேன்."

உயரத்திலிருந்து வந்த அந்தக் குரலைக் காதில் வாங்கியது கரடி ஒன்றுதான்.

"பையன் உண்மையைச் சொல்றான்" என்றது கரடி. "இவனைக் கூப்பிடுங்க, வேணாங்கல. ஆனா நானும் இருக்கேன். கீழே விழுறதை நான் எடுத்துத் தரேன், மேலே இவன் போடட்டும். இவன் குனியப் பழகுற வரைக்கும் அப்படியே ஓட்டிடலாம்."

"அப்ப யாரை அனுப்பறது?" என்று பன்றி கேட்டது.

"குடுக்கையை ஓட்டை போடாத நாலு பேரை வெச்சுக்கங்க."

முள்ளம்பன்றி சிலிர்த்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பன்றி தொண்டையைச் செருமிக்கொண்டது. "ரெண்டு தடியனுங்களை வெச்சுக்கிட்டு எவன் ஓடுறது? புதுசா ஒருத்தன் வந்தா பழசு ஒண்ணு போகணும். அதான் முறை. கரடியை அனுப்பலாம்கிறவங்க கையைத் தூக்குங்க."

முதலில் தூக்கியது கீரி. கரடிமேல் அதற்கு எந்தக் கோபமும் இல்லை. வளையில் இருந்த குட்டிகள்தான் அதன் கண்ணுக்குள் நின்றன. இத்தனை உயரமான ஒருவன் வந்தபிறகு எப்படித் தோற்போம் என்று அது நினைத்தது.

"மன்னிச்சுக்கண்ணே. இந்தக் கோடையிலயும் என் குட்டிங்க சேறு குடிக்கக் கூடாது."

"புரியுது" என்றது கரடி. போய்ப் பாறைமேல் ஏறி நின்றது. கிழக்குக்கரைத் தலைவி ஒரு நரி. அதன் அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது; அது கரடியை உடனே கூப்பிட்டுக்கொண்டது. "நாம கழிச்சுப் போட்டதைப் பொறுக்குறா பாரு" என்று பன்றி சிரித்தது. மேற்குக்கரையும் கூடச் சிரித்தது.

ஆட்டத்தன்று ஒட்டகச்சிவிங்கி எடுத்த எடுப்பில் இரண்டு முறை போட்டுவிட்டது. மேற்குக்கரை குதித்துக் கூத்தாடியது. நரி தன் ஆட்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னது. "உருட்டுங்க."

அவ்வளவுதான். அதன்பிறகு மரத்தடி வரும்வரை குடுக்கை தரையை விட்டு எழவே இல்லை. ஒட்டகச்சிவிங்கி முன்கால்களை அகட்டி, தடுமாறி, கழுத்தை இறக்குவதற்குள் குடுக்கை அதன் கால்களுக்கு நடுவிலேயே புகுந்து போய்விட்டது. தப்பி வந்த குடுக்கையைக் கரடி கட்டிப்பிடித்துத் தன் புதிய ஆட்களிடம் கொடுத்தது. ஒரு தடவை மந்தி பாடுபட்டுப் பிடுங்கிய குடுக்கை முள்ளம்பன்றியிடம் போய் முள்ளில் மாட்டிக்கொண்டது. கடைசியில் ஒட்டகச்சிவிங்கி கால் வழுக்கி விழுந்தது. மேற்குக்கரை தோற்றது.

அன்று அண்ணாந்து பிளந்த வாய்களே இப்போது ஏசின. "வளந்து என்ன பிரயோசனம், தண்டம்!" என்று மந்தி கல்லை எறிந்தது. மேற்குக்கரையின் எரிச்சல் முழுவதும் ஒட்டகச்சிவிங்கியின் தலையில் விழுந்தது. முள்ளம்பன்றியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"ஒரு மழைக்காலம் கேட்டேனே" என்றது ஒட்டகச்சிவிங்கி.

"நீ பழகுறதை வேடிக்கை பாக்க எங்களுக்கு நேரமில்லை. கிளம்பு" என்றது பன்றி.

வந்த ஊரில் யாரையும் தெரியாமல் அது மறுபடியும் பாறைமேல் நின்றது. கிழக்குக்கரை அணியில் இடம் இல்லை. நரி தன் ஆட்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தது. பிறகு, "எனக்கும் வயசாச்சு. நான் வெளியே உக்காந்துக்கறேன். நீ வா" என்றது.

அந்தக் கோடையிலும் மேற்குக்கரைக்குச் சேறுதான் கிடைத்தது. கீரியின் குட்டிகள் எப்படியோ தப்பிப் பிழைத்தன. அடுத்த மழைக்காலம் முழுவதும் கரடி ஒட்டகச்சிவிங்கிக்குக் குனியக் கற்றுக்கொடுத்தது. முதலில் கால்களை எவ்வளவு அகட்டுவது, பிறகு கழுத்தை எந்தப் பக்கம் இறக்குவது என்று பொறுமையாகச் சொல்லித் தந்தது. அது விழும்போதெல்லாம் முட்டுக்கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. அடுத்த ஆட்டத்தில் கீழே விழுந்ததைக் கரடி எடுத்தது, கரடிக்குத் தப்பியதை ஒட்டகச்சிவிங்கியே குனிந்து எடுத்தது. மேற்குக்கரையால் ஒருமுறைகூடப் போட முடியவில்லை.

அந்தக் கோடை முன்னெப்போதும் இல்லாத கொடுமையாக இருந்தது. உச்சிவெயிலுக்குப் பிறகு சேறும் பாளம் பாளமாக வெடித்தது. கீரியின் கடைக்குட்டி தாகத்தில் கண் திறக்காமல் கிடந்தது. கீரி விடியற்காலையில் திருட்டுத்தனமாகக் கிழக்குக்கரைக்குப் போனது.

கரடி வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, ஒரு வாய் தண்ணி. எனக்கில்லை, குட்டிக்கு."

கரடி தனக்குப் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தது. எல்லோரும் கீரியைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வரிசையை நான் போடலை, கீரி. நான் இங்கே வந்து சேர்ந்தவன். வந்தவன் பேச்சு எந்தக் கரையில எடுபடும்? உன் கரையில எனக்குன்னு ஒரு பேச்சு இருந்தப்போ நான் சொன்னேன்."

 கரடியின் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அது வரிசையை விட்டு நகரவில்லை.

பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி கால்களை அகட்டி அழகாகக் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீரியை அடையாளம் தெரியவில்லை. மேற்குக்கரையில் ஒட்டகச்சிவிங்கி இருந்த நாட்களில் கீரி அதனோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

கீரி வெறுங்கையோடு திரும்பியது. உச்சிவெயில் ஏறி, மேற்குக்கரையின் முறை வந்து, சேற்றைப் பிழிந்து நாலு சொட்டு கொண்டுபோனபோது குட்டி வாயைத் திறக்கவில்லை. கீரி அதை மண்ணில் புதைத்துவிட்டு வந்து அணியோடு உட்கார்ந்தது. பன்றி ஆலாவைத் திட்டிக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றி ஆமாம் போட்டுக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றி ஏன் இன்னும் அணியில் இருக்கிறது என்று கீரி எழுந்து கேட்க நினைத்தது. பழக்கதோஷம், தரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டது.

கூட இருப்பவனின் உழைப்பை மதிக்காமல், புதிதாக வந்தவனுக்குப் பழக நேரமும் கொடுக்காமல், உறவுக்காரனின் இடத்தை மட்டும் காப்பாற்றும் கூட்டம் எவ்வளவு பெரிய ஆளைக் கொண்டுவந்தாலும் தோற்கும். அந்தத் தோல்விக்கு விலை கொடுப்பது அதன் குட்டிகள்தான்.